ஏலத்தில் எடுத்த பொருளைத் தர மறுக்கிறாரா? விட்டுவிடாதீர்கள்

ஈபேயில் ஏல நேரம் முடிந்து, நீங்கள் கேட்ட விலைக்குப் பொருள் படிந்த நொடியிலேயே அது விற்றாகிவிட்டது. நீங்கள் இன்னும் பணம் கட்டாமல் இருக்கலாம், பொருள் விற்றவர் வீட்டு அலமாரியிலேயே இருக்கலாம். ஒப்பந்தம் ஒப்பந்தம்தான். ஜேர்மனியில் வாழும் நம்மவர்களில் பலர் இதை நம்புவதில்லை. "காசைத் திருப்பித் தந்துவிட்டார், அத்தோடு போகட்டும்; இந்த மொழியில் யார் மல்லுக்கட்டுவது" என்று ஒதுங்கிவிடுகிறார்கள். ஒதுங்க ஒதுங்க, அந்த விற்பனையாளர் அடுத்தவரிடமும் அதையே செய்கிறார். இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது.

நான் டோர்ட்முண்டில் இருக்கிறேன். பழைய பிலிம் கேமராக்கள் சேர்ப்பவன். பிரவுன்ஷ்வைக்கில் செய்த ரோலைகோர்ட், டிரெஸ்டனில் செய்த எக்ஸாக்டா போன்றவற்றை, தாத்தா விட்டுப்போன பெட்டியிலிருந்து எடுத்துப் பேரப்பிள்ளைகள் ஒரு யூரோவில் ஏலத்துக்கு விடுவார்கள். கேட்க ஆள் குறைந்த மாலையில் நல்ல கேமரா ஒன்று அடிமாட்டு விலைக்குப் போய்விடும். விற்றவருக்கு மனசு கேட்காது. தகராறு அங்கேதான் தொடங்கும்.

முதலில் சட்டம் யார் பக்கம் என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். ஜேர்மன் குடியியல் சட்டத்தின் 433ஆவது பிரிவின்படி, விற்றவர் பொருளை ஒப்படைத்து உரிமையையும் மாற்றித் தந்தாக வேண்டும். "ஒரு யூரோவுக்கு யாராவது கொடுப்பார்களா?" என்ற வாதம் கார்ல்ஸ்ரூவேயிலுள்ள கூட்டாட்சி நீதிமன்றம்வரை போய்த் தோற்றிருக்கிறது. ஒருவர் தம் பாசாட் காரை ஒரு யூரோ ஆரம்ப விலையில் ஈபேயில் ஏலத்துக்கு விட்டார். வெளியே 4,200 யூரோவுக்கு ஆள் கிடைத்ததும், சில மணி நேரத்திலேயே ஏலத்தை நிறுத்தினார். அந்த நேரத்தில் முன்னணியில் இருந்தவர் 555.55 யூரோவரை போகத் தயாராக இருந்தார். ஆனால் எதிர்த்துக் கேட்க ஆளில்லாததால் விலை ஒரு யூரோவிலேயே நின்றது. கார் 5,250 யூரோ பெறும் என்று சொல்லி, அந்த ஒரு யூரோவைக் கழித்து 5,249 யூரோ இழப்பீடு கேட்டார். 2014 நவம்பர் 12 அன்று நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. குறைந்த விலையில் தொடங்கி, காரணமில்லாமல் பாதியில் நிறுத்தியவர் அந்த அபாயத்தைத் தானே வரவழைத்துக்கொண்டார் என்பது தீர்ப்பின் சாரம்.

ஆஸ்திரேலியாவிலும் இப்படி ஒரு வழக்கு உண்டு. ஈபேயில் 150,000 டாலருக்குப் படிந்த பழைய விர்ராவே விமானத்தை, கூடுதலாக ஒரு லட்சம் டாலர் தர வேறொருவர் வந்ததால் உரிமையாளர் தர மறுத்தார். 2007இல் நியூ சவுத் வேல்ஸ் உச்ச நீதிமன்றம் விமானத்தையே ஒப்படைக்கச் சொன்னது.

இனி செய்ய வேண்டியது. ஏலம் முடிந்த கையோடு பொருளின் பக்கத்தை முழுதாகச் சேமித்துவையுங்கள். ஏல எண், முடிந்த நேரம், விலை, விவரணை, அத்தனை படங்களும் வேண்டும். பிறகு அந்தப் பக்கம் மறைந்துவிடும். விற்றவரின் பெயரும் முகவரியும் கிடைக்குமானால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். உடனே பணத்தைக் கட்டிவிடுங்கள். உங்கள் கடமையை நீங்கள் முடித்துவிட்டால் அவருக்குச் சாக்குச் சொல்ல இடம் குறையும்.

ரத்து வரும்போது காரணத்தைக் கவனியுங்கள். "வாங்கியவர் கேட்டுக்கொண்டதால் ரத்து" என்று விற்பனையாளர் போடுவார். உண்மைக் காரணத்தைப் போட்டால் அவருடைய கணக்கில் குறையாகப் பதிவாகும், இதைப் போட்டால் பதிவாகாது. எனவே அன்றே செய்தி அனுப்புங்கள். பணம் தானாக உங்கள் கணக்குக்குத் திரும்பலாம். அதனால் மட்டும் உங்கள் உரிமை போய்விடாது. "சரி, பரவாயில்லை" என்று நீங்கள் எழுதினால்தான் போகும். அந்த இரண்டு சொல்லை எழுதாதீர்கள்.

நான் அனுப்பும் செய்தியில் இவ்வளவுதான் இருக்கும்:

"இந்த எண்ணுள்ள ஏலம் இந்தத் தேதியில் 61 யூரோவுக்கு முடிந்தது. நமக்குள் விற்பனை ஒப்பந்தம் உண்டாகிவிட்டது. நான் ரத்துக் கேட்கவில்லை, ரத்துக்குச் சம்மதிக்கவும் இல்லை. இன்ன தேதிக்குள் கேமராவை அனுப்பிவையுங்கள். இல்லையென்றால் அதே கேமராவை வேறிடத்தில் வாங்க ஆகும் கூடுதல் தொகையை உங்களிடம் கோருவேன்."

இதை ஜேர்மன் மொழியில் எழுதி அனுப்புங்கள். இலக்கணப் பிழை இருந்தால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது. தேதி தெளிவாக இருக்க வேண்டும். நான் இரண்டு வாரம் கொடுப்பேன். திட்ட வேண்டாம், கெஞ்சவும் வேண்டாம். விற்றவர் திட்டவட்டமாக மறுத்துவிட்டால் சட்டப்படி அவகாசம்கூடத் தேவையில்லை. ஆனாலும் கொடுத்துவைப்பது நல்லது. பிறகு யாரும் அதைக் கேள்வி கேட்க முடியாது.

சாக்குகளில் அதிகம் வருவது "உடைந்துவிட்டது" என்பது. ஒருமுறை 61 யூரோவுக்கு ரோலைகோர்ட் ஒன்றை எடுத்தேன். மறுநாள் காலையிலேயே செய்தி வந்தது. அலமாரியிலிருந்து விழுந்து லென்ஸ் நொறுங்கிவிட்டதாம். "உடைந்ததையே அனுப்புங்கள், உதிரிப்பாகத்துக்கு ஆகும். நொறுங்கிய லென்ஸின் படம் ஒன்றும் வேண்டும்" என்று பதில் போட்டேன். படம் வரவில்லை. சில வாரங்களில் அதே கேமரா வேறொரு தளத்தில் 190 யூரோ என்று விற்பனைக்கு நின்றது. பிலிம் உருட்டும் குமிழுக்கு அருகே தோல் ஒரு மூலையில் உரிந்து மேல்நோக்கிச் சுருண்டிருந்ததை நான் முதல் படத்திலேயே பார்த்துவைத்திருந்தேன். அதே மூலை, அதே சுருள். முகப்பில் பொறித்த தொடர் எண்ணும் ஒன்றேதான். இரண்டு படத்தையும் அருகருகே வைத்து, அவகாசத் தேதியோடு அனுப்பினேன். கேமரா வந்து சேர்ந்தது. லென்ஸில் ஒரு கீறல்கூட இல்லை.

இதனால்தான் சொல்கிறேன்: படங்களைச் சேமியுங்கள், அந்தக் கேமராவின் பெயரில் தேடல் ஒன்றைப் பதிந்துவைத்து அறிவிப்பு வரச் செய்யுங்கள். உண்மையிலேயே உடைந்திருந்தாலும், தன் தவறில்லை என்று காட்டவேண்டிய பொறுப்பு விற்றவருடையது.

அவகாசம் முடிந்தும் அசையவில்லையென்றால் தொகையைக் கணக்கிடுங்கள். சந்தை விலையில் ஏலம் படிந்த விலையைக் கழித்தால் வருவது உங்கள் இழப்பு. ஈபேயில் விற்றுப்போன பொருள்களை மட்டும் காட்டும் வடிகட்டி இருக்கிறது. அதே மாதிரி, அதே நிலையிலுள்ள கேமராக்கள் போன விலைகளை அதிலிருந்து எடுத்துவையுங்கள். ஆசைப்பட்டு விலை போட்டிருப்பவர்களின் விளம்பரம் சான்றாகாது. வேறிடத்தில் வாங்கியேவிட்டால் அந்த ரசீது இன்னும் வலுவானது.

அடுத்தது மான்பெஷைட், அதாவது நீதிமன்றம் வழியாகப் பணம் கேட்கும் உத்தரவு. படிவத்தை இணையத்திலேயே நிரப்பலாம். டோர்ட்முண்ட் இருக்கும் நார்த்ரைன்-வெஸ்ட்ஃபாலியா மாநிலத்தில், நீங்கள் இருக்கும் இடத்தைப் பொறுத்து ஹாகன் அல்லது ஒய்ஸ்கிர்ஷன் நீதிமன்றத்துக்குப் போகும். இந்தக் கட்டத்தில் உங்கள் கோரிக்கை சரியா என்று நீதிமன்றம் ஆராய்வதில்லை, உத்தரவை அனுப்பிவிடும். எதிராளி இரண்டு வாரத்துக்குள் ஆட்சேபிக்கலாம். நீதிமன்றத்திலிருந்து வந்த உறையைப் பார்த்ததுமே பணம் கட்டிவிடுகிறவர்கள் உண்டு. ஆட்சேபித்தால் வழக்கு அம்ட்ஸ்கெரிஷ்ட் எனும் கீழ்நிலை நீதிமன்றத்துக்குப் போகும். அங்கே வழக்கறிஞர் வைத்தே ஆகவேண்டும் என்பதில்லை. கட்டணத்தை முதலில் நீங்கள்தான் கட்ட வேண்டும், தோற்றவர் தலையில் அது விழும். முப்பது யூரோ வித்தியாசத்துக்கு இதில் இறங்கமாட்டேன். நூறு யூரோவைத் தாண்டினால் இறங்குவேன்.

விட்டுக்கொடுக்க வேண்டிய இடமும் உண்டு. 100 என்று போட நினைத்து 10 என்று தட்டிவிட்டவர், தெரிந்த உடனே சொன்னால் சட்டமே அவருக்கு வழி விடுகிறது. திருட்டுப் போனதும் அப்படித்தான். டிஜிட்டல் கேமரா ஒன்று ஏலத்தின் நடுவே திருடுபோனதால் நிறுத்தியவரிடம் இழப்பீடு கேட்ட வழக்கை, கூட்டாட்சி நீதிமன்றம் 2011இல் ஏற்கவில்லை. இன்னொன்று: வாங்கும் எண்ணமே இல்லாமல், யாராவது பின்வாங்குவார்களா, வழக்குப் போடலாமா என்று கண்ட ஏலத்திலெல்லாம் விலை வைத்துத் திரிகிறவர்களை நீதிமன்றங்கள் சந்தேகத்தோடுதான் பார்க்கின்றன. அந்தக் கூட்டத்தில் சேராதீர்கள்.

எப்படி முடிந்தாலும் மதிப்பீடு எழுதுங்கள். நடந்ததை மட்டும் எழுதுங்கள்: "ஏலம் முடிந்தபின் அனுப்ப மறுத்தார், அதே பொருளைக் கூடிய விலைக்கு மறுபடி போட்டார்." வசைச்சொல் ஒன்று சேர்த்தாலும், அதை நீக்கச் சொல்ல அவருக்கு ஒரு பிடி கிடைத்துவிடும். "ஏலத்தை ரத்துச் செய்கிறேன், வெளியே முடித்துக்கொள்ளலாம்" என்று அழைத்தால் போகவே போகாதீர்கள். தளத்தின் பாதுகாப்பு அத்தோடு முடிந்துவிடும்.

கடைசி நொடியில் விலை வைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. விலை ஏறாமலிருக்க அது நல்ல வழிதான், நானும் செய்கிறேன். ஆனால் விற்பவர் அதற்குமுன் ஏலத்தை நிறுத்திவிட்டால் உங்களுக்கு எந்த உரிமையும் இராது. அந்த நேரத்தில் முன்னணியில் இருப்பவருக்குத்தான் ஒப்பந்தம். பாசாட் வழக்கில் வென்றவரும் முன்கூட்டியே விலை வைத்திருந்தவர்தான். மிகவும் வேண்டிய பொருள் என்றால், உண்மையிலேயே கொடுக்கத் தயாரான ஒரு விலையை முதல் நாளே வைத்துவிடுங்கள், மிச்சத்தைக் கடைசி நொடிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.