புயல் ஷட்டர், மிதக்குற ஜெட்டி: புதுசா செய்றவங்க தவிர்க்க வேண்டிய தவறுகள்

நான் இருக்குறது மலேசியாவுல, சிலாங்கூர் பக்கம் பெஸ்தாரி ஜெயா, எங்க ஆளுங்களுக்கு இன்னும் அது பத்தாங் பெர்ஜுந்தைதான். சுத்தி செம்பனை, நடுவுல ஈயம் தோண்டின பழைய லொம்போங் குளங்க, அங்கங்க லயத்து வீடுங்க. வெல்டிங் வேலைல 20 வருசத்துக்கு மேல ஆச்சு. சாயங்காலம் மேகம் கட்டி காத்து அடிச்சா கூரைத் தகரம் பறக்கும், லொம்போங்ல மீன் வளக்குறவங்க போட்ட ஜெட்டி, அதான் தண்ணில மிதக்குற மேடை, கழண்டு எதிர்க்கரைல போய் நிக்கும், இதெல்லாம் நாங்க வருசா வருசம் பாக்குறது. அதனாலயே கைத்தொழில் தெரிஞ்ச தம்பிங்க நெறைய பேர் ஜன்னலுக்கு புது மாதிரி ஷட்டர், ஜெட்டிக்கு புது மாதிரி கொக்கின்னு செஞ்சு எடுத்துட்டு வந்து காட்டுறாங்க. பாக்க மனசுக்கு நெறைவா இருக்கும். ஆனா பெரும்பாலும் எல்லாரும் ஒரே எடத்துலதான் சறுக்குறாங்க, பலகைக்கும் மிதவைக்கும் ஆறு மாசம் மண்டைய ஒடைச்சிட்டு, அத செவுத்தோடயும் கரையோடயும் பிடிக்கிற ஜாயிண்ட கடைசி நாள்ல கடைல கெடைச்ச ஸ்க்ரூவ போட்டு முடிச்சிடுறாங்க.

மொதல்ல ஷட்டர், அதாவது காத்து அடிக்கும்போது ஜன்னல மூடுற பலகை. காத்து வேகம் ரெண்டு மடங்கானா அது தள்ளுற பலம் நாலு மடங்கு ஆகும், இத மனசுல வைக்காம கணக்கு போட்டா எல்லாமே தப்பாப் போயிடும். மலேசியாவோட காத்து தரக்கட்டு எம்.எஸ். 1553 இருக்குல்ல, அதுல ஒரு மண்டலத்துக்கு அடிப்படை வேகம் நொடிக்கு 33.5 மீட்டர், அதாவது மணிக்கு 120 கிலோமீட்டர் கிட்ட. அந்த வேகத்துக்கு ஒரு சதுர மீட்டர்ல சுமாரா 70 கிலோ எடை வந்து சாயும். நாலடிக்கு அஞ்சடி ஜன்னல்னா 130 கிலோ பக்கம், ரெண்டு ஆளு சேந்து சாஞ்சு நிக்கிற மாதிரி. சரி, ஷட்டர் அத தாங்கிடுச்சுன்னு வைங்க, அதோட வேலை முடியல. வீட்டோட பின்பக்கமும் மூலைங்களும் காத்துல உறிஞ்சப்படும், அங்க ஷட்டர் உள்ள அமுங்காது, வெளிய இழுபடும். நான் பாத்ததுல முக்காவாசி டிசைன் உள்ள தள்ளுற பலத்துக்கு மட்டும் செஞ்சது, ஓரத்துல ஒரு சேனல் மேல சும்மா உக்காந்திருக்கும், வெளிய இழுத்தா அப்படியே கழண்டு வந்துடும்.

1992-ல ஆண்ட்ரூ புயல் ஃபுளோரிடாவ அடிச்சதுக்கு அப்புறம்தான் அமெரிக்காவுல ஷட்டர் சோதனை இவ்வளவு கண்டிப்பாச்சு. ஒரு ஜன்னல் ஒடைஞ்சா காத்து உள்ள பூந்து வீட்ட பலூன் மாதிரி ஊதிடும், அப்புறம் கூரை மேல எழும்பும், அந்த பாடத்துலேர்ந்து வந்த சோதனை அது. சுமாரா 4 கிலோ எடையுள்ள ரெண்டுக்கு நாலு இஞ்சு மரச்சட்டத்த நொடிக்கு 15 மீட்டர் வேகத்துல ஷட்டர் மேல சுடுவாங்க, அது தாங்கினப்புறம் அதே பீஸ மொத்தம் 9000 தடவை அழுத்தி அழுத்தி விடுவாங்க, பாதி உள்ள தள்ளுறது, பாதி வெளிய இழுக்குறது. மரம் அடிக்கிறதுல தப்பிச்ச ஷட்டர் கூட இந்த ஆட்டத்துல போல்ட்டு ஓட்டை பெருசாகி தோத்துப் போகும். நம்மூருல அந்த அளவு புயல் வராது, அது உண்மை, ஆனா விடியக்காலைல சுமத்ரா பக்கத்துலேர்ந்து வர்ற காத்துக்கும் சாயங்கால காத்துக்கும் ஆட்டம் ஆட்டம்தான். அதனால ஷட்டர மாட்டிட்டு கையால ஒரு தடவை இழுத்துப் பாத்து சரின்னு சொல்லாதீங்க. கயிறு கட்டி முன்னயும் பின்னயும் ஒரு சில நூறு தடவையாவது ஆட்டிப் பாத்துட்டு ஓட்டைய அளந்து பாருங்க.

செவுத்துப் பக்கமும் அதே கதை. செங்கல் செவுத்து மேல சிமெண்டு பூச்சு சாதாரணமா ஒன்றரையிலேர்ந்து ரெண்டு சென்டிமீட்டர் இருக்கும், ரெண்டு இஞ்சு ஸ்க்ரூ போட்டேன்னு சொல்றவங்க ஸ்க்ரூவுல பாதிக்குக் கொஞ்சம் கம்மி வெறும் பூச்சுலயும் பிராக்கெட் தடிப்புலயும் போயிடுதுங்கறத கணக்குல எடுக்குறதில்ல. பழைய லயத்து பலகை வீடா இருந்தா இன்னும் மோசம், பலகைல அடிச்சா பலகையோட சேந்து வரும், உள்ள இருக்குற தூண், சட்டம் எங்கன்னு தட்டிப் பாத்துதான் போல்ட்டு போடணும்.

இன்னொன்னு ரொம்ப முக்கியம், இத நான் யார்கிட்டயும் மெதுவா சொல்ல மாட்டேன். வெளியிலேர்ந்து மட்டும் பூட்டுற ஷட்டர செய்யாதீங்க. நம்ம வீடுங்கள்ல ஏற்கனவே கிரில் பூட்டி வச்சிருக்கோம், அதுக்கு மேல இதையும் போட்டு ராத்திரி தீ பிடிச்சா பாட்டியும் புள்ளைங்களும் எப்படி வெளிய வருவாங்க? சாவி தேடாம, உள்ளேர்ந்து ஒத்தக் கையால, இருட்டுல தொறக்க முடியணும்.

இப்ப ஜெட்டி. மிதக்குற கணக்கு சுலபம்னு நெனச்சு ஏமாந்துடுறாங்க. 200 லிட்டர் நீலத் தோங், அதாவது பிளாஸ்டிக் பீப்பா, ஒன்னு முழுசா முங்கினாதான் 200 கிலோவ தூக்கும், அதுல அதோட சொந்த எடை ஒரு பத்து கிலோ கழிச்சிக்கோங்க. ஆறு தோங் போட்டேன், 1200 கிலோ தாங்கும்னு சொன்னா அந்த 1200-லயும் மேடை தண்ணி மட்டத்துக்கு முங்கிடும். பாதிய மட்டும் நம்புங்க, அதுலயும் மேல போடுற பலகை, இரும்பு எடைய முதல்ல கழிங்க. மீன் பிடிச்சதும் எல்லாரும் ஒரே ஓரத்துக்கு ஓடுவாங்களே, அதுக்கும் எடம் விடணும், நடுவுல லோடு ஏத்திப் பாத்துட்டு வுட்டுட்டா அது சோதனையே இல்ல. உள்ள வெறும் வெள்ளை பாலிஸ்டிரீன திணிச்சு மூடாம வுட்டா காலப்போக்குல தண்ணி ஏறும், உருண்டை உருண்டையா பிஞ்சு குளம் பூரா பரவும், மீனு அத தின்னும்.

நெஜமான தலைவலி கரைல மாட்டுற எடம்தான். லொம்போங்ல மழைக்கு தண்ணி ஏறி எறங்கும், கடலோரத்துல அது தெனமும் நடக்கும். கிள்ளான் துறைமுகம் பக்கம் பௌர்ணமி, அமாவாசை சமயத்துல ஆயிர் பாசாங்குக்கும் (ஏத்தம்) சூருட்டுக்கும் (வத்தம்) ஏறக்குறைய 4 மீட்டர் வித்தியாசம். கரையையும் மிதவையையும் சேக்குற, ஏறின தண்ணில சமமா கெடக்குற 6 மீட்டர் நடைபாலத்த எடுத்துக்கோங்க, தண்ணி 4 மீட்டர் எறங்கினா பாலம் 40 டிகிரிக்கு மேல சாஞ்சு ஏணி மாதிரி ஆயிடும், அதோட மிதவைப் பக்கத்து முனை கரைய நோக்கி ஒன்றரை மீட்டர் நகரும். 12 மீட்டர் பாலம்னா சாய்வு 20 டிகிரி கிட்ட, நகர்வு 70 சென்டிமீட்டர். இத யோசிக்காம ரெண்டு முனையவும் போல்ட்டு போட்டு இறுக்கினா என்ன ஆகும், ஹிஞ்சு (கீல்) கிழியும் இல்லன்னா மிதவையே சாயும். ஒரு முனை ஹிஞ்சு, இன்னொரு முனை ரோலர், ரோலர் ஓட ஒரு தகடு, அவ்வளவுதான் ரகசியம். மிதவை வேற பக்கம் போகாம இருக்க நட்ட தூண சுத்தி போடுற வளையத்துக்கும் ரோலர் வைங்க, இறுக்கமா வுட்டா ஏறும்போது மாட்டிக்கிட்டு ஒரு பக்கம் தண்ணிக்குள்ள போகும்.

வேற வேற உலோகத்த ஒன்னா சேக்குறதுல ஒரு நுணுக்கம் இருக்கு, ஹார்ட்வேர் கடைல யாரும் சொல்ல மாட்டாங்க. அலுமினியமும் ஸ்டெயின்லெஸ்ஸும் உப்புத் தண்ணில ஒன்னா தொட்டுக்கிட்டு இருந்தா அலுமினியம்தான் கரையும். பெரிய அலுமினியப் பலகைல சின்ன ஸ்டெயின்லெஸ் ஸ்க்ரூ போட்டா தேய்மானம் பரவலாப் போயி கொஞ்ச காலம் தள்ளும், அதையே திருப்பி பெரிய ஸ்டெயின்லெஸ் தகட்டுல சின்ன அலுமினிய ரிவெட் அடிச்சா ரிவெட் காணாமலே போயிடும். நடுவுல நைலான் வாஷர் போடுங்க. கடலோரத்துக்கு 304 ரக ஸ்டெயின்லெஸ் வேணாம், 316 ரகம் வாங்குங்க, அதுல மாலிப்டினம் சேர்ந்திருக்கும், உப்புக்கு தாங்கும். ஸ்டெயின்லெஸ் போல்ட்ட ஸ்டெயின்லெஸ் நட்டுல மிஷின் வச்சு வேகமா முடுக்கினா ரெண்டும் ஒட்டிப் பிடிச்சிக்கும், அப்புறம் அறுத்துதான் எடுக்கணும், கிரீஸ் தடவி கையால மெதுவா முடுக்குங்க.

கடைசியா பேட்டன்ட், அதாவது கண்டுபிடிப்புக்கு வாங்குற காப்புரிமை, இதுலதான் நம்ம ஆளுங்க அதிகமா இழக்குறாங்க. ரெண்டு வருசம் முன்ன ஒரு தம்பி நல்ல பூட்டு ஒன்னு செஞ்சு வீடியோ எடுத்து போட்டுட்டாரு, ஆயிரக்கணக்குல லைக் வந்துச்சு. மலேசியாவுல நீங்களே வெளிய விட்டதுக்கு அப்புறம் ஒரு வருசத்துக்குள்ள மனு போட்டா பரவால்ல, ஐரோப்பாவுல அந்த சலுகை கெடையாது, அந்த வீடியோவே உங்களுக்கு எதிரா சாட்சி. வெளிநாட்டுல மொதல்ல போடலாம்னு யாராவது சொன்னா கேட்டுடாதீங்க, இங்க குடியிருக்குறவங்க மொதல்ல மைஐபிஓ-வுல, அதான் மலேசியாவோட அறிவுசார் சொத்து ஆபீஸ்ல, மனு போட்டு ரெண்டு மாசமாவது ஆகியிருக்கணும், இல்லன்னா எழுத்துல அனுமதி வாங்கணும், 1983-ம் வருசத்து பேட்டன்ட் சட்டத்துலயே இருக்கு. இங்க போட்ட நாள்லேர்ந்து 12 மாசத்துக்குள்ள மத்த நாட்டுக்குப் போனா அந்த முதல் தேதியே செல்லும்.

சின்ன முன்னேற்றம்தான்னா யுட்டிலிட்டி இன்னோவேஷன்னு ஒரு வழி இருக்கு, புதுசா இருந்தா போதும், பெரிய அறிவுத் தாவல் இருக்கணும்னு கேக்க மாட்டாங்க, ஆனா உரிமைக்கோரிக்கை, அதாவது இதுதான் என் புதுமைன்னு சொல்ற வாக்கியம், ஒன்னுதான் எழுதலாம். அந்த ஒன்னுல "காத்தத் தடுக்கும் ஷட்டர்"னு எழுதி வீணாக்காதீங்க, ஷட்டர் எத்தனையோ காலமா இருக்கு. உங்க புதுமை எந்த ஜாயிண்டுலயோ அத எழுதுங்க. தேடும்போதும் அப்படித்தான், பேட்டன்ட்டுங்கள வகை பிரிக்க ஒரு குறியீடு இருக்கு, ஷட்டர்னா ஈ06பி 9 (E06B 9), ஜெட்டி, படகுத்துறைன்னா ஈ02பி 3/06 (E02B 3/06), அந்த வகைங்களுக்குள்ள போய் படத்த பாருங்க, கூகுள் பேட்டன்ட்ஸ்லயே இலவசம். "ஃபுளோட்டிங் டாக்"னு மட்டும் தேடினா கப்பல் ரிப்பேர் பண்ற பெரிய மெதவைத் தளமெல்லாம் வந்து குழப்பும்.

அந்த பூட்டு செஞ்ச தம்பி இப்ப லொம்போங் ஜெட்டிக்கு ஒரு தூண் வளையம் செஞ்சிருக்காரு, வீடியோ எடுக்கல. ரோலர் ரெண்டு வச்சிருந்தாரு, நாலு வைக்க சொன்னேன். அடுத்த ஞாயித்துக்கெழமை மணல் மூட்டைய ஒரே ஓரத்துல அடுக்கி எவ்வளவு சாயுதுன்னு பாக்கப் போறோம்.