ஃபிரேமின் இரண்டு பக்கத்துக்கு மட்டும் கோடு: என் அனுபவம்

பக்க வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைனில் ஒரு குறிப்புப் பெட்டிக்கு இடப்பக்கமும் கீழ்ப்பக்கமும் மட்டும் கோடு வேண்டியிருந்தது. எழுத்து இருக்கும் அந்தப் பெட்டிக்கு, அதாவது ஃபிரேமுக்கு, ஸ்ட்ரோக் (ஓரக் கோடு) கொடுத்தால் நான்கு பக்கமும் சேர்ந்தே வரும். மூன்று நாள் இதிலேயே போய்விட்டது.

முதலில் தனிக் கோடுகள் வரைந்து ஒட்ட வைத்தேன். பெட்டியின் அளவை மாற்றியதும் கோடுகள் பழைய இடத்திலேயே நின்றன. அப்புறம் கத்தரிக் கருவியால் ஒரு மூலையை வெட்டி, ஓரப் புள்ளியை அழித்தேன். மூன்று பக்கக் கோடு அழகாக வந்தது. சரி, இன்னொரு பக்கத்தையும் எடுக்கலாம் என்று அடுத்த புள்ளியை அழித்தால், பெட்டியே முக்கோணமாகிவிட்டது. எழுத்தும் அதற்குள் சாய்வாக நெருங்கிக்கொண்டது. பத்தியைச் சுற்றிக் கோடு போடும் பத்தி பார்டர் வசதி பக்கத்துக்குப் பக்கம் தனி அளவு தருகிறது. ஆனால் அது எழுத்து முடியும் இடத்தோடு நின்றுவிடும், பெட்டியின் அடிவரை போகாது.

கடைசியில் கைகொடுத்தது ஒரே ஒரு செல் (கட்டம்) உள்ள டேபிள். ஃபிரேமுக்குள் அதைச் செருகி, எழுத்தைச் செல்லுக்குள் ஒட்டினேன். வரிசை உயரத்தை 'எக்ஸாக்ட்லி' (கொடுத்த அளவிலேயே நிற்கும்) என்று மாற்றி, ஃபிரேமைவிடத் துளி குறைவாக வைத்தேன்.

இங்கேதான் கவனம் வேண்டும். ஸ்ட்ரோக் பேனலில் தெரியும் குட்டிச் சதுரத்தில் நீலமாக இருக்கும் கோடுகள்தான் மாற்றத்தை ஏற்கும். தொடக்கத்தில் எல்லாமே நீலம். இடது, கீழ்க் கோடுகளைச் சொடுக்கிச் சாம்பலாக்கிவிட்டு, தடிமனை 0 ஆக்கினேன். மேல் கோடும் வலக் கோடும் மறைந்தன, மற்ற இரண்டும் அப்படியே நின்றன. செல்லின் உள் இடைவெளி இயல்பாக 4 பாயின்ட். அதையும் தேவைக்கேற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.