சிடெமென் பள்ளத்தாக்கு: தறி பார்க்கப் போகிறவர்கள் செய்யக்கூடாதவை

கிழக்கு பாலியில், அகுங் எரிமலைக்குத் தெற்கே, காராங்கசெம் மாவட்டத்தில் இருக்கிறது சிடெமென். நெல்வயல், உண்டா ஆறு, வீட்டுக்குள்ளிருந்து வரும் தறிச் சத்தம், இவைதான் ஊர். பலர் சுற்றுலா ஊரான உபுத்திலிருந்து காரில் வந்து, படியடுக்கு வயலில் ஒரு படம் எடுத்துக்கொண்டு மத்தியானமே கிளம்பிவிடுகிறார்கள். அதுதான் முதல் தவறு. ஓர் இரவாவது தங்குங்கள். காலையில் நடந்து போனால் எந்தத் தெருவில் தறி ஓடுகிறது என்று காதே சொல்லிவிடும்.

இரண்டாவது தவறு துணியில். இங்கே நெய்வது எண்டெக், சொங்கெட் என்று இரண்டு வகை. எண்டெக்கில் ஊடை நூலை, அதாவது குறுக்கே ஓடும் நூலை, அங்கங்கே இறுகக் கட்டிச் சாயத்தில் முக்குவார்கள். கட்டிய இடத்தில் சாயம் ஏறாது. அந்த நூலை நெய்யும்போது வடிவம் தானாக எழும். போச்சம்பள்ளிச் சேலைக்கு நாம் சொல்லும் ‘இக்கத்’ என்ற பெயரே ‘கட்டு’ என்று பொருள்படும் மலாய்ச் சொல்தான். சொங்கெட் வேறு. தறியின் பலகையை இடுப்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டு, காலை நீட்டி உட்கார்ந்து, சரிகையைக் கூடுதல் ஊடையாகச் செலுத்தி நெய்வது. கல்யாணத்துக்கும் பல் ராவும் சடங்குக்கும் உடுத்தும் துணி அது.

கடைகளில் எண்டெக் வடிவத்தை அச்சடித்த துணியும் கிடைக்கும். வாங்கும் முன் திருப்பிப் பாருங்கள். நெய்ததில் இரு பக்கமும் நிறம் ஒன்றுபோல இருக்கும், பூவின் விளிம்பு லேசாகக் கசிந்திருக்கும். அச்சுத் துணியின் பின்பக்கம் பெரும்பாலும் வெளிறியிருக்கும். 2021-ல் பாலி ஆளுநர் செவ்வாய்க்கிழமைதோறும் எண்டெக் உடுத்தச் சொல்லிச் சுற்றறிக்கை விட்டார். நெசவாளிக்குப் போக வேண்டிய காசு அச்சுத் துணிக்குப் போனால் அதற்கு அர்த்தமே இல்லை.

பேரத்தையும் சொல்ல வேண்டும். நுணுக்கமான ஒரு சொங்கெட்டுக்கு மாதக்கணக்கில் உழைப்பு போகிறது. சந்தையில் கேட்பதுபோல நெய்தவர் முகத்தைப் பார்த்துப் பாதி விலை கேட்பது எனக்குப் பொறுக்காத காரியம். கட்டுப்படியாகாவிட்டால் சின்ன எண்டெக் துண்டு ஒன்று வாங்குங்கள். படம் எடுக்கும் முன் ஒரு வார்த்தை கேளுங்கள்.

நம்மவர்கள் அதிகம் சறுக்கும் இடம் கோயில். ‘நாமும் இந்துதானே’ என்று நேரே உள்ளே போய்விடுகிறோம். நம் ஊர்போல மூலவர், தினசரி தரிசனம், பிரசாதம் என்று எதிர்பார்க்காதீர்கள். பத்மாசனம் என்ற உயர்ந்த கல்லிருக்கை காலியாகவே இருக்கும். ஒடாலான் என்னும் கோயில் திருநாளில் தெய்வங்கள் இறங்கி வருவதாக நம்பிக்கை. மற்ற நாட்களில் பல கோயில்கள் அமைதியாகக் கிடக்கும். உள்முற்றம் வழிபடுகிறவர்களுக்கானது. வேட்டியே கட்டியிருந்தாலும் இடுப்பில் செலெண்டாங் என்ற கச்சை வேண்டும். மாதவிலக்குக் காலத்திலும், குடும்பத்தில் சாவு நடந்திருந்தாலும் உள்ளே போகக்கூடாது. நம் தீட்டைப் போன்ற இதை அவர்கள் செபெல் என்கிறார்கள். கும்பிடுகிறவர்களுக்கு முன்னால் குறுக்கே நடப்பதும், படத்துக்காகப் பூசாரியைவிட உயரமான இடத்தில் ஏறி நிற்பதும் பெரிய அவமரியாதை.

வாசலில், படியில், தறிக்குப் பக்கத்தில் தென்னங்குருத்துத் தட்டில் பூ வைத்திருப்பார்கள். அது சனாங். மிதிக்காதீர்கள், தாண்டாதீர்கள், சுற்றிப் போங்கள்.

வயல் வரப்பும் பொது நடைபாதை அல்ல. சுபக் என்ற உழவர் அமைப்பு வாய்க்கால் நீரை முறைவைத்துப் பங்கிடுகிறது. பாலியின் இந்த முறையை யுனெஸ்கோ 2012-ல் உலகப் பாரம்பரியமாக ஏற்றது. மடையில் இருக்கும் கல்லை நகர்த்தினால் கீழ்வயல்காரருக்குத் தண்ணீர் போகாது.

சைவம் சாப்பிடுகிறவர்கள் காய்கறி என்று நம்பி வாங்கிவிடுவார்கள். மசாலாவிலேயே இறால் விழுது கலந்திருக்கும். ‘தன்பா தெராசி’ என்று சொன்னால் அது வேண்டாம் என்று புரியும்.

கடைசியாக, நாள் பார்க்காமல் டிக்கெட் போடாதீர்கள். 210 நாளுக்கு ஒருமுறை வரும் கலுங்கான் பண்டிகைச் சமயத்தில் எல்லோரும் சொந்த ஊர்க் கோயிலுக்குப் போய்விடுவார்கள், தறிகள் நிற்கும். ஆனால் தெருவெங்கும் வளைந்து நிற்கும் பெஞ்சோர் மூங்கில்களைப் பார்க்கலாம். மார்ச் வாக்கில் வரும் ஞெப்பி மௌன நாளில் 24 மணி நேரம் விமான நிலையமே மூடியிருக்கும். வெளியே நடக்கவும் கூடாது. அந்தத் தேதி ஆண்டுக்கு ஆண்டு மாறும்.