கடற்காற்றில் ஒரு வெண்கலக் கைக்கடிகாரம்: தேர்வும் பராமரிப்பும்

குமரி மாவட்டத்து வீடுகளில் ஓட்டுருளியும் (வெண்கலப் பாத்திரம்) குத்துவிளக்கும் களிம்பு ஏறிக் கிடந்தால், அதைக் கவனிப்பின்மை என்றே கொள்வோம். புளியைக் குழைத்துத் தேய்த்துப் பளபளப்பாக்கிய பிறகுதான் மனம் ஆறும். வெண்கலக் கூடு கொண்ட கைக்கடிகாரத்தை வாங்க விரும்புபவர் முதலில் இந்தப் பழக்கத்தைச் சற்றே ஒதுக்கி வைக்க வேண்டும், ஏனெனில் அதன் நிறம் மாறும் என்பதற்காகவே அது விரும்பி வாங்கப்படுகிறது.

எஃகுக் கூடு பத்தாண்டு கழிந்தாலும் கீறல் விழுந்த எஃகாகவே இருக்கும். வெண்கலமோ காற்றின் ஈரத்தையும் உப்பையும் அணிபவரின் வியர்வையையும் ஏற்றுப் பொன்னிறத்திலிருந்து தேன் நிறத்துக்கும் பிறகு அடர்பழுப்புக்கும் செல்வதால், ஒரே நாளில் வாங்கிய இரு கடிகாரங்கள்கூட ஓராண்டில் ஒன்றுபோல் இருப்பதில்லை. கடலோடு இந்த உலோகத்துக்கு உள்ள உறவும் பழையது. கப்பல்களின் புரொப்பெல்லர்களை வெண்கல வகைகளில் வார்ப்பது உப்புநீர் அரிப்பை அவை தாங்குவதால்தான். பனேராய் கடிகார நிறுவனம் 2011இல் ஆயிரம் மட்டுமே வெளியிட்ட ‘புரோன்சோ’ கடிகாரம் இந்த ஆர்வத்தைப் பரவலாக்கியது. 2016இல் டியூடர், ஓரிஸ் நிறுவனங்களும் வெண்கலக் கடிகாரங்களை வெளியிட்டன.

வாங்கும்போது எந்த வெண்கலம் என்று கேளுங்கள். செம்போடு ஏறத்தாழ 8 விழுக்காடு வெள்ளீயம் சேர்ந்த வகை விரைவாகவும் ஆழமாகவும் கருக்கும். டியூடர் பயன்படுத்தியது போன்ற அலுமினிய வெண்கலத்தின் மேல் மெல்லிய அலுமினிய ஆக்சைடு படலம் உருவாவதால், அது மெதுவாக மாறி நெடுநாள் மஞ்சள் சாயலைத் தக்கவைக்கும். குளச்சல், முட்டம் போன்ற கரையூர்களில் வசிப்பவருக்கு என் பரிந்துரை இரண்டாவது வகையே. நாகர்கோவிலிலோ தக்கலையிலோ இருப்பவர் முதல் வகையைத் துணிந்து எடுக்கலாம். பின்மூடி எஃகாகவோ டைட்டானியமாகவோ இருப்பது அவசியம், இல்லையெனில் செம்பும் வியர்வையும் சேர்ந்து மணிக்கட்டில் பச்சைக் கறையை உண்டாக்கும். அந்தக் கறை சோப்பில் போய்விடும் என்றாலும் நாள்தோறும் கழுவுவது சலிப்பு.

நன்மையான படலத்தையும் தீங்கான களிம்பையும் பிரித்தறிவதே பராமரிப்பின் உயிர்நாடி. பழுப்பாகவோ கருமையாகவோ சீராகப் படிந்து விரலில் ஒட்டாதிருப்பது உலோகத்துக்குக் காவல், அதைத் தொடாதீர்கள். வெளிர்பச்சை நிறத்தில் பொடியாக உதிர்வது பெரும்பாலும் உப்பிலுள்ள குளோரைடின் வேலை. ஈரம் இருக்கும்வரை அது மேலும் அரிக்கும். ஆகவே கடலில் நனைந்த அன்றே நல்ல தண்ணீரில் அலசி, ஸ்ட்ராப் பொருந்தும் இடுக்குகளையும் கண்ணாடியைச் சுற்றியுள்ள சுழல் வளையத்தின் அடியையும் பருத்தித் துணியால் துடைத்து உலர்த்துங்கள். பொடி தோன்றிவிட்டால் மரக்குச்சியால் மெல்லச் சுரண்டி மீண்டும் அலசுங்கள். அலசுவதற்கு முன், நேரத்தைத் திருத்தப் பயன்படும் பக்கவாட்டுச் சாவித் திருகு முழுவதும் இறுகியிருக்கிறதா என்று பார்ப்பது கட்டாயம்.

பழைய பொன்னிறமே வேண்டுமென்றால் நம் புளி உதவும், அதன் அமிலம் ஆக்சைடு படலத்தைக் கரைத்துவிடும். ஸ்ட்ராப்பைக் கழற்றிவிட்டு, துணியில் சிறிது தடவிக் கூட்டின் வெளிப்புறத்தை மட்டும் துடைத்து, உடனே கழுவிவிட வேண்டும். சாம்பலும் மணலும் கீறும் என்பதால் ஆகாது. அவித்த முட்டையோடு டப்பாவில் மூடிவைத்து அதன் கந்தக ஆவியால் ஒரே இரவில் கருக்கச் செய்வோரும் உண்டு. அது எனக்கு உடன்பாடில்லை, அணிந்தவரின் நாட்கள் அந்த நிறத்தில் இருப்பதில்லை.

பழுது பார்க்கக் கொடுக்கும்போது கூட்டுக்கு மெருகு போட வேண்டாம் என்று எழுதியே கொடுங்கள். ஒரு கடையில் நான் வாய்மொழியாகக்கூடச் சொல்லத் தவறியதால், இரண்டு ஆண்டுகள் முட்டத்துக் காற்றில் ஏறிய கருமை ஒரே பிற்பகலில் துடைக்கப்பட்டுப் புதுக் கடிகாரமாகத் திரும்பி வந்தது.