அரசவைக் கவிதை கட்டும் முறை: சோங் ஜிவெனின் குன்மிங் குளப் பாட்டை வைத்து

சீனாவின் தாங் வம்ச அரசவையில் பேரரசர் பொருளைச் சொல்வார், அவையோர் அங்கேயே எழுத வேண்டும். இந்த வகைக்கு அவ்வவைக் கவிஞர் சோங் ஜிவெனைவிட நல்ல ஆசான் இல்லை. பேரரசர் ஜோங்சோங் (705–710) சந்திர ஆண்டின் முதல் மாதக் கடைசி நாளில் குன்மிங் குளத்துக்குப் போனபோது நூற்றுக்கு மேற்பட்ட கவிதைகள் வந்தன. நடுவர் அவைப் பெண் கவிஞர் ஷாங்குவான் வான்அர். தேறாத தாள்களை அவர் மேலிருந்து கீழே விட்டார். மிஞ்சியவை சோங்கினுடையதும் இன்னொரு கவிஞரான ஷென் ச்வான்சியினுடையதும். பிறகு ஷெனின் தாளும் விழுந்தது. பாட்டை முடித்த விதம்தான் காரணம்.

முதலில் இயைபைத் தேர்ந்துகொள்ளுங்கள். இப்பாட்டில் அடிக்கு 5 எழுத்து, 12 அடி, மொத்தம் 60 எழுத்து. இரட்டைப்படை அடிகள் எல்லாம் ஒரே இயைபில், சமத்தொனியில் (சொல்லின் சுருதியான தொனியைச் சீன யாப்பு சமம், சரிவு என இரண்டாகப் பிரிக்கும்) முடியும்: காய், ஹுய், சுய், ஹுய், சாய், லாய். இன்றைய பொதுச் சீனமான மாண்டரினில் இவை இரு குழுவாக ஒலிக்கின்றன. தாங் இயைபு விதி இவற்றைச் சேர்த்துப் பயன்படுத்த இடம் கொடுத்தது. ஆகவே காதை நம்பாமல் பழைய இயைபுப் பட்டியலைப் பாருங்கள்.

அடுத்து தொனி. ஒவ்வோர் அடியிலும் 2ஆம், 4ஆம் எழுத்துகளைக் கவனியுங்கள். ஓர் இணையின் (சேர்ந்து வரும் ஈரடியின்) இரண்டு அடிகளில் அவை எதிரெதிராக இருக்க வேண்டும்: ஒன்று சமம் என்றால் மற்றது சரிவு. அடுத்த இணையின் முதலடியில் 2ஆம் எழுத்து, முந்தைய அடியின் 2ஆம் எழுத்தோடு ஒத்துப்போக வேண்டும். இது விட்டுப்போனால் இணைகள் தனித்தனியாகக் கழன்று நிற்கும்.

இங்கே பலர் தடுமாறுவார்கள். 4ஆம் அடியின் இரண்டாம் எழுத்து ‘ஃபு’, 8ஆம் அடியில் ‘ஜியே’. மாண்டரின் ஒலிப்படி இரண்டும் சமத்தொனி, அதனால் சோங் பிழை விட்டதாகத் தோன்றும். பழைய ஒலிப்பில் இரண்டும் வல்லொற்றில் முடிந்த சரிவுத்தொனி எழுத்துகள். ஐயம் வந்தால், அந்த வல்லொற்றுகளை இன்னும் காக்கும் தென்சீன மொழியான கன்டோனீஸின் ஒலிப்பைப் பாருங்கள்: ஃபட், கிப். ட், ப், க் என முடிந்தால் சரிவுதான்.

முதல் இணை காலத்தையும் இடத்தையும் சொன்னால் போதும்: வசந்த உலா, குளம், கூடார அரண்மனை. நடு இணைகளில் சொல்லுக்குச் சொல் ஈடு வேண்டும், பெயருக்குப் பெயர், வினைக்கு வினை. “மாதக் கடைசி, மிங் செடியின் காய்கள் முற்றும் உதிர்ந்தன” என்பதற்கு எதிரே “வசந்தம் தாமதம், வில்லோவை மறைவாய் உந்துகிறது”. மிங் என்பது மாதத்தின் முற்பாதியில் நாளுக்கொரு காய் விட்டு, பிற்பாதியில் ஒவ்வொன்றாய் உதிர்க்கும் புராணச் செடி. வெறும் காம்பு என்றால் மாதக் கடைசி. இரண்டு அடியும் ஒன்றையே சொன்னால் அதைச் சீன யாப்பறிஞர்கள் ‘கைகூப்பு’ என்று குறை சொல்வார்கள்.

எடுக்கும் தொன்மக் குறிப்பு அந்த இடத்துக்கே உரியதாக இருக்கட்டும். குன்மிங் குளம் ஹான் பேரரசர் வூ கி.மு. 120இல் கடற்படைப் பயிற்சிக்காகத் தலைநகர் சாங்ஆனுக்கு அருகே வெட்டியது. அங்கிருந்த கல் திமிங்கலம் 3ஆம் அடியில் வருகிறது. வெட்டும்போது கிடைத்த கரிய சாம்பல், பௌத்தர் சொல்லும் கற்ப (ஊழி) முடிவுத் தீயின் மிச்சம் என்பார்கள். அது 8ஆம் அடியில். எந்தக் குளத்துக்கும் பொருந்தும் தாமரையும் வாத்தும் இங்கே வீண்.

இவற்றில் சிறந்த கதையை நடுவில் செலவழிக்காதீர்கள். தூண்டிலில் சிக்கிய மீனை வூ விடுவித்தார், பின்னர் இக்குளக்கரையில் அவருக்கு ஒளிமுத்துகள் கிடைத்தன என்பது அக்கதை. சோங் அதைக் கடைசிவரை வைத்திருந்தார்: “நிலா தீர்ந்ததே என்ற கவலை இல்லை, இரவு முத்து தானே வரும்.” நிலவற்ற மாதக் கடைசியும் குளமும் மன்னரின் அருளும் பத்தே எழுத்தில் அடங்கிவிட்டன. ஷெனோ “சிறு ஊழியன் நான், உளுத்த மரம், உயர்ந்த யூஜாங் மரத்தைக் காண நாணுகிறேன்” என்று முடித்தார். அடக்கம் அவை மரபுதான், ஆனால் அந்த இணையோடு பாட்டின் வேகம் தீர்ந்துவிடுகிறது, சோங்கினது இன்னும் மேலெழுகிறது என்பது வான்அரின் தீர்ப்பு. சரியான தீர்ப்பு. கடைசி இணைக்கு ஈடு கட்டாயமில்லை. முதலடியில் தொடங்கிய வாக்கியம் இரண்டாம் அடிக்குத் தடையின்றி ஓடட்டும்.