அப்போஸ்தலர்களின் முடிவு: சொல்லும்போது நாம் சறுக்கும் இடங்கள்

சில வருடங்களுக்கு முன் ஒரு வேதாகம வினாடி வினாவுக்குக் கேள்வித்தாள் தயாரிக்கும் வேலை என் தலையில் விழுந்தது. அதில் ஒரு கேள்வி: “யாக்கோபு எப்படி இறந்தார்?” ஒரு அணி “வாளால் வெட்டப்பட்டு” என்றது. அடுத்த அணி “கல்லெறிந்து, தடியால் அடித்து” என்றது. என் விடைத்தாளில் வாள்தான் இருந்தது. இரண்டாவது அணிக்கு மதிப்பெண் இல்லை என்று சொல்லிவிட்டேன். அந்தப் பிள்ளைகளின் ஆசிரியை எழுந்து நின்று, “எந்த யாக்கோபு சார்?” என்று கேட்டார். எனக்கு வாயடைத்துப்போனது.

அதற்குப் பிறகுதான் அப்போஸ்தலர்கள், அதாவது இயேசுவின் பன்னிரண்டு முதன்மைச் சீடர்கள், எப்படி இறந்தார்கள் என்ற விஷயத்தைக் கொஞ்சம் ஒழுங்காகப் படிக்க ஆரம்பித்தேன். திருவிழா மலர்களிலும், ஞாயிறு வகுப்புகளிலும், ஒவ்வொரு தவக்காலத்திலும் வாட்ஸ்அப்பில் சுற்றும் ‘பன்னிரண்டு பேரும் எப்படி இறந்தார்கள்’ பட்டியலிலும் திரும்பத் திரும்ப வருகிற தவறுகள் ஒரு கைக்குள் அடங்கும். அந்தப் பட்டியலில் எல்லா வரிகளும் ஒரே குரலில், ஒரே உறுதியோடு பேசும். ஆனால் ஒரு வரி முதல் நூற்றாண்டைச் சேர்ந்தது, இன்னொன்று ஆயிரம் வருடம் கழித்து ஒட்டியது. கோளாறு அங்கேதான்.

முதலில் பெயர்க் குழப்பம். செபதேயுவின் மகன் யாக்கோபு, அதாவது யோவானின் அண்ணன், எருசலேமில் ஏரோதின் வாளுக்குப் பலியானார். அல்பேயுவின் மகன் யாக்கோபு என்று பன்னிருவரில் இன்னொருவர் உண்டு. அவரைப் பற்றி உறுதியாக ஒரு வரிகூடக் கிடையாது. மூன்றாமவர் ‘ஆண்டவரின் சகோதரர்’ யாக்கோபு, எருசலேம் சபையின் தலைவர். இவரைத் தலைமைக் குரு அனனுஸ் கி.பி. 62இல் கல்லெறிந்து கொல்ல வைத்ததை யூத வரலாற்றாசிரியர் யோசேபஸ் எழுதியிருக்கிறார். கிறிஸ்தவர் அல்லாத ஒருவர் எழுதிய சாட்சி என்பதால் இதற்குத் தனி மதிப்பு. ஆலய உச்சியிலிருந்து தள்ளினார்கள், துணி வெளுப்பவர் ஒருவர் தடியால் மண்டையில் அடித்தார் என்பதெல்லாம் இரண்டாம் நூற்றாண்டில் ஹெகெசிப்பஸ் என்ற கிறிஸ்தவ எழுத்தாளர் சொன்னது. மேற்கத்திய மரபு இரண்டாமவரையும் மூன்றாமவரையும் ஒரே ஆளாக்கிவிட்டதால், பாவம், அல்பேயுவின் மகனுக்கு அடுத்தவருடைய மரணம் வந்து சேர்ந்துவிட்டது.

பிலிப்புவுக்கும் இதே கதை. பன்னிருவரில் ஒருவர் பிலிப்பு. எத்தியோப்பிய மந்திரிக்குத் திருமுழுக்குக் கொடுத்து, செசரியாவில் நான்கு மகள்களோடு வாழ்ந்தவர் வேறு பிலிப்பு. நாம் மட்டும் குழம்பவில்லை. கி.பி. 190 வாக்கில் எபேசு ஆயர் பொலிகிராத்தஸ் எழுதிய கடிதத்திலேயே, பன்னிருவரில் ஒருவரான பிலிப்பு தன் மகள்களோடு ஹியராப்போலிசில் துயில்கிறார் என்று வருகிறது. அந்த மகள்கள் யாருடைய மகள்கள் என்பது இன்றுவரை தீராத வழக்கு. அந்த ஹியராப்போலிஸ் இருந்த இடமான துருக்கியின் பாமுக்கலேயில் 2011இல் ஒரு கல்லறையைக் கண்டு, அது பிலிப்புவுடையது என்று இத்தாலிய அகழாய்வாளர்கள் அறிவித்தார்கள். உள்ளே எலும்புகள் கிடைக்கவில்லை.

“பைபிளிலேயே இருக்கிறதே!”

இல்லை. பன்னிருவரில் இருவரின் மரணம்தான் புதிய ஏற்பாட்டில் நேரடியாகச் சொல்லப்படுகிறது. ஒருவர் மேலே சொன்ன செபதேயுவின் மகன், திருத்தூதர் பணிகள் (அப்போஸ்தலர் நடபடிகள்) 12ஆம் அதிகாரம். மற்றவர் யூதாஸ் இஸ்காரியோத்து. அதிலும் மத்தேயு நற்செய்தியில் அவன் தூக்குப் போட்டுக்கொள்கிறான், திருத்தூதர் பணிகளில் தலைகுப்புற விழுந்து வயிறு வெடிக்கிறான். பேதுருவுக்கு யோவான் நற்செய்தியின் கடைசி அதிகாரத்தில் ஒரு குறிப்பு மட்டும் உண்டு: வயதான காலத்தில் கைகளை நீட்டுவாய், வேறொருவன் உன்னைக் கட்டி இழுத்துப்போவான் என்று. பவுல் பன்னிருவரில் ஒருவரே அல்ல. அவருக்கும் வேதாகமத்தில் மரணக் காட்சி இல்லை. ரோமில் வாடகை வீட்டில் இரண்டு வருடம் காவலில் இருந்தார் என்பதோடு திருத்தூதர் பணிகள் முடிந்துவிடுகிறது. ‘பைபிள் சொல்கிறது’ என்று ஆரம்பிக்கும் முன் இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொண்டால் பாதித் தலைவலி போய்விடும்.

அடுத்தது, “எல்லோருமே மறைசாட்சிகள்”, அதாவது விசுவாசத்துக்காகக் கொல்லப்பட்டவர்கள், என்ற வாக்கியம். யோவான் எபேசுவில் மூப்படைந்து, பேரரசன் திராயான் காலம் வரை, அதாவது கி.பி. 98க்குப் பிறகும் இருந்தார் என்று இரண்டாம் நூற்றாண்டு ஆயர் இரேனியஸ் எழுதுகிறார். கொதிக்கும் எண்ணெயில் போட்டும் ஒன்றும் ஆகவில்லை என்ற கதை பழைய லத்தீன் கிறிஸ்தவ எழுத்தாளர் தெர்த்துல்லியன் சொன்னது. அவருமே அதைச் சாவாகச் சொல்லவில்லை, அப்புறம் தீவுக்கு நாடு கடத்தினார்கள் என்றுதான் முடிக்கிறார். ஆனாலும் ‘எண்ணெய்க் கொப்பரையில் மாண்ட யோவான்’ என்று அச்சடித்த ஒரு மலரை நானே பார்த்திருக்கிறேன்.

இதைவிடச் சங்கடமான ஒரு குறிப்பும் இருக்கிறது. இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த ஹெராக்ளியோன் என்ற எழுத்தாளர், அதிகாரிகள் முன் வாயால் சாட்சி சொல்லி உயிரை விடாதவர்களும் உண்டு என்று சொல்லி, மத்தேயு, பிலிப்பு, தோமா, லேவி என்று பெயர்களை அடுக்குகிறார். அலெக்சாந்திரியாவின் கிளெமெந்து இதை எடுத்துக்காட்டுகிறார். ஹெராக்ளியோன், சபை ஏற்காத ஞானவாதக் குழுவைச் சேர்ந்தவர், அதனால் அவர் பேச்சை அப்படியே ஏற்கவேண்டும் என்பதில்லை. ஆனால் அவர் காலத்தில் இப்படி ஒருவர் சர்வசாதாரணமாக எழுத முடிந்திருக்கிறது என்பதே யோசிக்க வைக்கிறது. ‘பொய்க்காக யாராவது சாவார்களா, பதினொரு பேரும் செத்தார்களே’ என்று மேடையில் முழங்குகிறவர்கள் பேதுரு, பவுல், இரண்டு யாக்கோபுகள் என்ற நால்வரோடு நிறுத்திக்கொண்டால், அவர்கள் வாதம் இன்னும் பலமாகவே இருக்கும்.

லூக்காவையும் மாற்குவையும் அப்போஸ்தலர் பட்டியலில் சேர்ப்பதும் இந்த ரகம்தான். இருவரும் பன்னிருவரில் இல்லை. லூக்காவைத் தூக்கிலிட்டார்கள் என்று வாட்ஸ்அப் பட்டியல் சொல்லும். அவர் நற்செய்திக்கு எழுதப்பட்ட ஒரு பழைய முன்னுரையோ, 84 வயதில் கிரேக்க நாட்டில் இயல்பாக இறந்தார் என்கிறது.

படம் சொல்வதும் ஏடு சொல்வதும்

பேதுரு தலைகீழாகச் சிலுவையில் அறையப்பட்டார் என்பது நாம் அறிந்தது. இரண்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எழுந்த ‘பேதுருவின் பணிகள்’ என்ற ஏட்டில் அது இருக்கிறது, மூன்றாம் நூற்றாண்டு அறிஞர் ஓரிஜெனும் சொல்லியிருக்கிறார். ஆனால் “என் ஆண்டவரைப் போல் சாக எனக்குத் தகுதியில்லை” என்று தாழ்மையால் கேட்டார் என்கிறோமே, அந்தக் காரணம் அந்த ஏட்டில் கிடையாது. அங்கே பேதுரு தலைகீழாகத் தொங்கியபடியே நீளமாக ஒரு பிரசங்கம் செய்கிறார்: முதல் மனிதன் தலைகீழாக விழுந்தான், அதனால்தான் உலகம் வலத்தை இடமாகவும் இடத்தை வலமாகவும் பார்க்கிறது என்று. தாழ்மைக் காரணம் நான்காம் நூற்றாண்டின் இறுதியில் ஜெரோம் எழுதும்போது வருகிறது. தலைகீழ்ச் சிலுவையைப் பார்த்ததும் ‘சாத்தான் சின்னம்’ என்று பதறுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. 2000இல் இரண்டாம் யோவான் பவுல் இஸ்ரேல் சென்றபோது அவர் உட்கார்ந்த நாற்காலியில் இருந்த அந்தச் சிலுவை பேதுருவுடையது.

அந்திரேயாவின் சாய்ந்த சிலுவை, ஸ்காட்லாந்துக் கொடியில் இருப்பது, இன்னும் பிந்தியது. பழைய ஏட்டில் கிரேக்க நாட்டின் பத்ராஸ் நகரில் அவரை ஆணி அடிக்காமல் கயிற்றால் கட்டுகிறார்கள். சீக்கிரம் செத்துவிடக் கூடாது என்பதற்காக. அவரோ நாள்கணக்கில் கூட்டத்தோடு பேசிக்கொண்டே இருக்கிறார். பெருக்கல் குறி மாதிரியான மரம் இடைக்கால ஓவியர்களால் பரவியது. பர்த்தொலொமேயுவைத் தோலுரித்தார்கள் என்பதும் பல மரபுகளில் ஒன்றுதான். சிலுவையில் அறைந்தார்கள் என்றும் தலையை வெட்டினார்கள் என்றும் வேறு மரபுகள் உண்டு. மைக்கேலாஞ்சலோ 1541இல் முடித்த ‘இறுதித் தீர்ப்பு’ ஓவியத்தில் அவர் ஒரு கையில் கத்தியும் மறுகையில் தன் தோலுமாக உட்கார்ந்திருப்பதால், நமக்கு வேறெதுவும் நினைவுக்கு வருவதில்லை. (அந்தத் தோலில் தொங்கும் முகம் ஓவியரின் சொந்த முகம் என்கிறார்கள்.)

தோமையார், நம் ஊர்

இங்கேதான் கொஞ்சம் நிதானம் வேண்டும், நம் ஊர்ப் பாசம் கண்ணை மறைக்கும் இடம் இது. தோமையார், அதாவது தோமா, சென்னை மயிலாப்பூர்ப் பக்கம் கொல்லப்பட்டார் என்பது நம் மரபு. ‘தோமாவின் பணிகள்’ என்ற சிரியாக் மொழி ஏடு மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், இன்றைய துருக்கியில் இருக்கும் எதெசாப் பக்கம் எழுதப்பட்டது. தோமா தச்சராக இந்தியா வருகிறார், குந்தபார் அரசன் அரண்மனை கட்டக் கொடுத்த பணத்தை ஏழைகளுக்குக் கொடுத்துவிடுகிறார். வெறும் கதை என்று பலர் ஒதுக்கியிருந்தார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அந்தப் பெயருள்ள அரசனின் நாணயங்கள் கிடைத்தன. சரி, அரசன் உண்மை. ஆனால் அவன் ஆண்டது தட்சசீலம் இருக்கும் வடமேற்கு. அந்த நாணயத்தைக் காட்டி மயிலாப்பூரை நிரூபிக்க முடியாது. ஏட்டின்படி தோமா பிறகு மஸ்தாய் என்ற வேறொரு அரசனின் நாட்டுக்குப் போகிறார். அங்கே நான்கு வீரர்கள் அவரை ஒரு மலைக்குக் கூட்டிப்போய் ஈட்டியால் குத்துகிறார்கள். மயிலாப்பூர் என்ற பெயர் எங்கும் வராது.

பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் இந்தக் கரைக்கு வந்த மார்க்கோ போலோ கேட்ட கதையில் கொலையே இல்லை. தோமையார் தன் குடிலுக்கு வெளியே மரங்களுக்கு நடுவே ஜெபித்துக்கொண்டிருக்கிறார். சுற்றிலும் மயில்கள். வேடன் ஒருவன் மயிலுக்கு விட்ட அம்பு அவர் வலது விலாவில் பாய்கிறது. அவன் அவரைப் பார்க்கவே இல்லை. மயிலை என்ற ஊருக்கு இதைவிடப் பொருத்தமான கதை இருக்க முடியுமா? அந்த இடத்துச் செம்மண்ணைக் காய்ச்சல்காரர்களுக்குக் கரைத்துக் கொடுப்பார்கள் என்றும் அவர் எழுதுகிறார்.

பரங்கிமலையில் சிலுவை முன் ஜெபித்தபோது பின்னாலிருந்து குத்தினார்கள் என்று இன்று நாம் சொல்வது போர்த்துகீசியர் காலத்தில் உருப்பெற்றது. 1547இல் மலையில் அடித்தளம் தோண்டும்போது ஒரு கற்சிலுவை கிடைத்தது. 1558 டிசம்பர் 18 அன்று அதில் இரத்தம் போல வியர்த்தது என்றார்கள். அதைத் தோமையாரே செதுக்கினார் என்பது பக்தி. அதைச் சுற்றியுள்ள பஹ்லவி எனும் பழைய பாரசீக எழுத்து, அவருக்குப் பல நூற்றாண்டுகள் பிந்தியது. கொடுங்கல்லூரில் கி.பி. 52இல் இறங்கினார், 72இல் இறந்தார் என்ற வருடங்களும் மரபு தந்தவை. பழைய ஏடுகளில் இல்லை. எலும்புகளைப் பொறுத்தவரை, நான்காம் நூற்றாண்டிலேயே எதெசா அவற்றைத் தன்னிடம் வைத்திருந்தது. 1258 முதல் இத்தாலியின் ஒர்த்தோனா உரிமை கொண்டாடுகிறது. நாம் கொண்டாடும் ஜூலை 3கூட இறந்த நாள் அல்ல. எதெசாவுக்கு எலும்புகள் கொண்டுவரப்பட்டதன் நினைவு நாள்.

சாந்தோமுக்கு வருகிறவர்களிடம் நாம் பெருமையாகச் சொல்லும் ஒன்று: “அப்போஸ்தலர் கல்லறை மேல் கட்டிய கோயில் உலகத்திலேயே மூன்றுதான். ரோம், ஸ்பெயினில் சந்தியாகு, அப்புறம் இது.” நானும் சொல்லியிருக்கிறேன். ஆனால் எபேசுவில் யோவான் கல்லறை மேல் பேரரசன் ஜுஸ்தினியன் கட்டிய பெருங்கோயிலின் இடிபாடு நிற்கிறது. பத்ராசில் அந்திரேயா, சலேர்னோவில் மத்தேயு, ஜெர்மனியின் திரியரில், யூதாசின் இடத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட மத்தியா என்று பட்டியல் நீள்கிறது. ரோமிலேயே மதிலுக்கு வெளியே பவுலுக்குத் தனிக் கோயில் இருக்கிறது. ‘முக்கியமான மூன்று’ என்று சொல்லிக்கொள்ளலாம்.

எழுதும்போது நான் இப்போது செய்வது இதுதான்: ‘கொல்லப்பட்டார்’ என்று எழுதும் இடத்தில் யார் சொன்னது, எப்போது சொன்னது என்று அரை வரி சேர்த்துவிடுகிறேன். “மயிலாப்பூர் மரபுப்படி ஈட்டியால், மார்க்கோ போலோ கேட்டபடி தவறிப் பாய்ந்த அம்பால்” என்று எழுதினால் தோமையாருக்கு ஒன்றும் குறைந்துவிடாது. வாசிப்பவருக்கு ஒரு மயில் கூடுதலாகக் கிடைக்கிறது.

அடுத்த வருட வினாடி வினாவுக்குக் கேள்வியைத் திருத்தி எழுதினேன்: “செபதேயுவின் மகன் யாக்கோபை வாளால் கொல்வித்தவர் யார்?” விடை: ஏரோது. முன்வரிசையில் இருந்த சின்னப்பெண் ஒருத்தி கையைத் தூக்கி, “எந்த ஏரோது அங்கிள்? குழந்தைகளைக் கொன்றவரா, யோவான் தலையை வெட்டியவரா?” என்றாள். இரண்டு பேரும் இல்லை, முதலில் சொன்னவரின் பேரன் அகிரிப்பா என்று விளக்கி முடிப்பதற்குள் மணி அடித்துவிட்டது.