வெட்டுக்கிளிகளை ஒப்பிடும்போது எங்கே சறுக்குகிறோம்?

புல்வெளியில் காலடி வைத்ததும் இரண்டு பூச்சிகள் துள்ளிப் போகின்றன. இரண்டும் பச்சை, இரண்டுக்கும் பின்னங்கால் நீளம். உடனே இரண்டையும் வெட்டுக்கிளி என்று எழுதிக்கொண்டு, எது பெரியது, எது சின்னது என்று அளக்கத் தொடங்கிவிடுகிறோம். கோளாறு அங்கேயே ஆரம்பிக்கிறது.

முதலில் உணர்கொம்பைப் பாருங்கள், நிறத்தை அப்புறம் பார்க்கலாம். கொம்பு குட்டையாக, சற்றுத் தடிப்பாக இருந்தால் அது ஒரு கூட்டம். நூல்போல மெலிந்து, பல சமயம் உடம்பையும் தாண்டி நீண்டிருந்தால் வேறு கூட்டம். அதற்கு நெருங்கிய சொந்தம் சுவர்க்கோழிதான். சரி, கொம்பு ஒடிந்திருந்தால்? காதைத் தேடுங்கள். நீளக்கொம்புக்காரருக்குக் காது முன்னங்காலில், முட்டிக்குச் சற்றுக் கீழே, சிறு கீறல் மாதிரி இருக்கும். குட்டைக்கொம்புக்கோ வயிற்றின் முதல் கண்டத்தில், சிறகுக்கு அடியில், ஒரு மெல்லிய சவ்வு.

நிறத்தை நம்பி ஏமாந்தவர்களில் அறிஞர்களும் உண்டு. ஒரே வெட்டுக்கிளியை லோகஸ்டா மைக்ரடோரியா, லோகஸ்டா டானிகா என்று இரண்டு இனங்களாகவே பிரித்து வைத்திருந்தார்கள். இரண்டும் ஒன்றுதான், தனியாக வாழும்போது ஒரு தோற்றம், கூட்டமாகத் திரளும்போது வேறு தோற்றம் என்று 1921இல் பூச்சியியலாளர் போரிஸ் உவரோவ் எடுத்துக்காட்டினார்.

சிறகு குட்டையாக இருப்பதால் மட்டும் புது இனம் என்று குதிக்காதீர்கள். அது இன்னும் வளராத குஞ்சாக இருக்கலாம். வளர்ந்த பூச்சியில் முன்சிறகு பின்சிறகை மூடியிருக்கும். கடைசித் தோலுரிப்புகளை நெருங்கிய குஞ்சில் சிறகு மொட்டுகள் தலைகீழாக, பின்சிறகு மேலே தெரியும். கைலென்ஸ் இருந்தால் நொடியில் தீரும் சந்தேகம் இது.

ஓர் இனத்தின் பெண்ணை இன்னொன்றின் ஆணோடு வைத்து அளப்பதும் வழக்கமான தவறு. பெரும்பாலும் பெண்தான் பெரிது. நீளக்கொம்புப் பெண்ணின் வால்பக்கம் வாள்போல நீட்டிக்கொண்டிருப்பதைக் கொடுக்கு என்று பயப்பட வேண்டாம், அது முட்டையிடும் உறுப்பு.

சத்தத்தை ஒப்பிடுகிறவர்கள் வெப்பநிலையையும் குறித்தாக வேண்டும். சூடு ஏறினால் அதே பூச்சி வேகமாகக் கத்தும். நீளக்கொம்பு வகைகளில் பல இரவில்தான் நடமாடும். பட்டப்பகலில் வலை வீசிவிட்டு அவை குறைவு என்று எழுதினால், எண்ணியது பூச்சியை அல்ல, நம் வேலை நேரத்தை.